கோட்டில் ரத்தமில்லை

"ஹலோ... ஹலோ, கேக்குதா?... நான்தான், அம்மா... கடையிலேருந்துதான். எத்தன தடவைடா அடிக்கிறது? போனைக் கையில வெச்சிருக்கியா, பரண்ல போட்டு வெச்சிருக்கியா?... சரி சரி, ஒத்திகை. ஆமா ஆமா, ஒத்திகைதான். அதைப் பத்தித்தான் நானும் கேக்கணும்."

சலவைக்கடை அம்மாள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மேஜைமேல் விரித்துப் போட்டிருந்த பழுப்பு நிறக் கோட்டை முறைத்தாள். கோட்டு இரண்டு கைகளையும் அகல விரித்து, எனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல் கிடந்தது. முழங்கைகளில் தோல் ஒட்டு. அந்த ஒட்டை வைத்துத் தைத்தவளே அவள்தான். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவரின் கோட்டு அது. போன வருஷம் அவள் இரண்டாம் தாரமாகக் கல்யாணம் செய்துகொண்ட அதே லிஃப்ட்காரர். சில நாட்களாகக் கோட்டு வீட்டுக் கொக்கியில் இல்லை. கேட்டதற்கு, எங்கேயாவது வேலை செய்த இடத்தில் விட்டிருப்பேன் என்று சொல்லி மழுப்பிவிட்டார். இப்போது அது கல்லூரி நாடகக் குழுவின் துணி மூட்டைக்குள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது, நெஞ்சில் குத்திய ஒரு காகிதச் சீட்டோடு.

"ஒண்ணுமில்ல, சும்மாதான் கேக்கறேன்... ராஜா வேஷம்னு சொன்னியே, எந்த மாதிரி ராஜா?... அது தெரியும், பழைய காலத்து ராஜா. நல்ல ராஜாவா, கெட்ட ராஜாவா?... ரெண்டுங்கெட்டானா?... அதெப்படிடா? மழுப்பாதே... நான் யார் வாயையும் பிடுங்கல. உங்க ஊக்குதான் காலையில துணி மூட்டையைக் கொண்டாந்து போட்டுட்டு, அவளா முழுக் கதையையும் ஒப்பிச்சா."

ஊக்கு என்பது நாடகக் குழுவின் உடைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு வைத்த பட்டப்பெயர். பேச வாயைத் திறந்தால் இரண்டு ஊக்காவது கீழே விழும். நேற்றைய கடைசி ஒத்திகையில் எல்லாத் துணியும் ரத்தமாகிவிட்டது ஆன்ட்டி, சாயங்காலம் நாடகம் ஆன்ட்டி, காப்பாத்துங்க ஆன்ட்டி என்று காலையில் வந்து நின்றவள், போகிற போக்கில் கதையையும் சொல்லிவிட்டுப் போனாள். மதியம் முழுக்க அம்மாள் அந்தக் கதையையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, எல்லாம் சொன்னா. ராஜா மத்தியானம் தூங்கறார். கூடப் பொறந்தவனே வந்து காதுல விஷத்தை ஊத்திக் கொன்னுடறான். பொணம் ஆறறதுக்குள்ள கிரீடத்தைத் தலையில வெச்சுக்கறான், அண்ணியையும் கட்டிக்கறான். அந்த அம்மாவும் வெக்கமில்லாம சரின்னுடறா. பெத்த பிள்ளை பழிவாங்கறான். இதானே கதை?... இதேதானே?... உலகத்துல வேற கதையே கிடைக்கலையாடா உங்களுக்கு?"

"...பேராசிரியர் சொன்னாரா? அவரா பொறுக்கினார்? நீ ஒண்ணும் சொல்லல? அவர் பொறுக்கிக் குடுத்தார், நீ பொறுமையா வாங்கிக்கிட்ட... டேய், எனக்கே காது குத்தறியா? உங்கப்பா எப்படிப் போனார்? மத்தியானத் தூக்கத்துல. அன்னைக்கு வீட்டுல யார் இருந்தா? அவர்தான், இப்ப என்னைக் கட்டிக்கிட்டவர், ஃபேன் மாட்ட வந்திருந்தார். உன் பெரியம்மா அதை வெச்சுக்கிட்டு என்னென்ன பேசினான்னு உனக்குத் தெரியாதா?... தெரியும்ல? தெரிஞ்சும்... இரு, இரு, ஆள் வந்திருக்கு."

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வழக்கமான ஆசிரியர் ஒருவர் உள்ளே வந்தார். கையில் கால்சட்டை, முகத்தில் புகார். அம்மாளின் குரல் ஒரு நொடியில் தேனானது.

"வாங்க சார்... சுருங்கிடுச்சா? எங்க காட்டுங்க... துணி சுருங்கல சார். போன மாசத்துக்கு நீங்கதான் கொஞ்சம் பூசினாப்ல ஆயிருக்கீங்க... கோவிச்சுக்காதீங்க, இடுப்பைப் பிரிச்சு விட்டுத் தரேன்... நாளைக்கு வாங்க... சரிங்க சார்... ஹலோ, இருக்கியா? வெச்சுட்டியோன்னு பாத்தேன்."

கதவு மூடியதும் தேன் போன இடம் தெரியவில்லை.

"இப்ப நேரா கேக்கறேன், நேரா சொல்லு. முன் வரிசையில, நட்ட நடுவுல எங்க ரெண்டு பேருக்கும் இடம் பிடிச்சு வெச்சிருக்க. எதுக்கு?... நல்லாத் தெரியும்னா? நல்லாத் தெரியறது எங்களுக்கா, உனக்கா?... புரியலையா? அந்த நாடகத்துக்குள்ளயே ஒரு நாடகம் போடறாங்களாமே. சித்தப்பனை எதிர்ல உக்கார வெச்சுட்டு, கொலை நடக்கறப்ப மூஞ்சி எப்படி மாறுதுன்னு பாப்பாங்களாமே. ஊக்கு சொன்னா. அந்த மாதிரி அவர் மூஞ்சியைப் பாக்கறதுக்கா?... சிரிக்காதே! சிரிக்கற விஷயமா இது?"

அவன் சிரித்தது அவளுக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. சின்ன வயதிலிருந்தே மாட்டிக்கொண்டால் சிரிக்கிற பிள்ளை அவன். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்றும் இப்படித்தான் மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, உன் இஷ்டம்மா என்று ஹாஸ்டலுக்குப் போனான். அதற்குப் பிறகு இந்த ஒரு வருஷத்தில் லிஃப்ட்காரரை அவன் எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. எதிரில் இருந்தால் 'நீங்க', இல்லாவிட்டால் 'அவர்'. அவளும் மகனிடம் பேசும்போது 'அவர்' என்றே சொல்லிப் பழகிவிட்டாள்.

"அந்த மனுஷன் ஒரு வாரமா வேற வேலை இல்லாம இதையே பேசிட்டிருக்கார், தெரியுமா? புதுச் சட்டை வாங்கி, ரெண்டு தடவ போட்டுப் பாத்து, மடிச்சு வெச்சு... லிஃப்டுக்குள்ள ஏறறவங்க இறங்கறவங்க எல்லாரையும் பிடிச்சு நிறுத்தி, எங்க வீட்டுப் பையன் ராஜாவா நடிக்கிறான்னு சொல்லிட்டிருக்கார். எங்க வீட்டுப் பையன்! அவரைக் கொண்டுபோய் ஊர் முன்னால உக்கார வெச்சு, மேடையில நீ அவரோட கோட்டையே மாட்டிக்கிட்டு... ஆமா, கோட்டு! கோட்டைப் பாத்துட்டேன்டா நான்! என் கண்ணு எதிர்லதான் கிடக்கு!"

"...எந்தக் கோட்டுன்னா கேக்கறே? மேலயே சீட்டு குத்தியிருக்கே."

"...நானே படிக்கறேன் கேளு. ஊக்கோட கையெழுத்து. 'அண்ணனைக் கொன்ற ராஜா.' நெஞ்சு மேலயே குத்தியிருக்கா. கொலைகாரனுக்குப் போட வேற கோட்டு கிடைக்கலையா? பாக்கறவங்களுக்கு நல்லா விளங்கணும்னு அவர் கோட்டாவே எடுத்துட்டியா? வீட்டுக்குள்ள பூந்து, கொக்கியிலேருந்து, திருடன் மாதிரி... என்னது?"

அம்மாள் போனைக் கையால் பிடித்துக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"...அவரே குடுத்தாரா?... எப்ப?... ஹாஸ்டலுக்கே வந்தாரா?... நீ கேட்டதும் கழட்டிக் குடுத்துட்டாரா? எதுக்குன்னு கேக்கலையா?... ஒண்ணுமே கேக்கலையா? என்கிட்ட வேலை செஞ்ச இடத்துல விட்டுட்டேன்னு... ஓஹோ. ரெண்டு பேரும் சேர்ந்து எனக்குத் தெரியாம... நீதான் சொல்ல வேண்டாம்னியா? ஏன்?"

கேட்டதும் கொடுத்துவிட்டார் என்றால் என்ன கணக்கு? பாவம், அவருக்குக் கதை தெரியாது. கொலைகாரன் உடம்பில் ஏறப்போகிறது என்று தெரியாமலே பையன் வாய் திறந்து ஒன்று கேட்டானே என்று கழற்றிக் கொடுத்திருப்பார். இதை நினைக்க அம்மாளுக்குக் கோபம் இரண்டு மடங்காகி, கூடவே கண்ணும் கலங்கியது.

"இங்க பாரு. உனக்கு அவரைப் பிடிக்கலைன்னா என்கிட்ட சொல்லு. வந்து சண்டை போடு. நான் வாங்கிக்கறேன். இப்படித் தலையைச் சுத்தி மூக்கைத் தொடாதே. உங்கப்பா இடத்துல இன்னொருத்தர் உக்காந்துட்டார்னு உனக்கு மனசு ஆறல. அது எனக்குப் புரியாதா? உங்கப்பா தங்கம். ஒரு சொல்லு அதிர்ந்து பேசினதில்ல. அந்த மாதிரி மனுஷன்..."

மகனுக்காக வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப்போன வாக்கியம் அது. அவள் யோசிக்கவே தேவையில்லை, தானாக வந்துவிடும். ஆனால் இந்தத் தடவை பாதியிலேயே அவன் குறுக்கே பாய்ந்தான்.

"...ஏன் கத்தறே?... என்ன ரத்தம்?... கோட்டுலயா? எல்லாத் துணியும் ரத்தமாத்தானே வந்திருக்கு. என்ன எழவுப் பாகு அது, சர்க்கரையைக் காய்ச்சிச் சாயத்தைக் கலந்து... காலையிலேருந்து கடை பூரா எறும்பு... சரி, பாக்கறேன். இரு. பாக்கறேன்னு சொல்றேன்ல."

அவள் கோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். நெஞ்சைப் பார்த்தாள். விலாவைப் பார்த்தாள். கையை உள்ளே விட்டு அடித்துணியைத் திருப்பிப் பார்த்தாள். கறை பார்ப்பதுதான் அவள் தொழில். ஆனால் சீட்டைப் பார்த்த ஆத்திரத்தில் துணியைப் பார்க்கத் தவறியிருந்தாள்.

"இல்லையே... இல்லடா, ஒரு சொட்டு கூட இல்ல. காலர்ல மட்டும் வெள்ளையா ஏதோ... பவுடர். முகத்துக்குப் போடற பவுடர்தான். தோள்லயும் கொட்டிக் கிடக்கு... கடைசியில கெட்ட ராஜா கத்திக்குத்து வாங்கித்தானே சாவான்? அப்ப இதுல ரத்தம் இருக்கணுமே... ம்... ம்... யாரு, செத்துப்போன ராஜாவா? அவர்தான் முதல்லயே செத்துட்டாரே... ஆவியா வருவாரா? பிள்ளை முன்னால வந்து நின்னு பேசுவாரா?... அது யாரு, வேற பையனா?... அதுவும் நீயேவா?"

"...ரெண்டு ராஜாவும் நீயா?... ஆள் பத்தலையா?... முதல்ல பவுடர் பூசிக்கிட்டு ஆவி, உள்ள ஓடி வந்து மாத்திக்கிட்டு சித்தப்பன்... அதான் ஒரு ஆளுக்கு ஒரு மூட்டையா? இருட்டுல தேட வேண்டாம்னு? சீட்டு மூட்டைக்குத்தானா? மேலாக இருக்கற துணியில குத்திடுவாளா அவ?... நல்ல பழக்கம் போ! எங்க கடையில ஒரு துணிக்கு ஒரு சீட்டு. சீட்டு எந்தத் துணியில இருக்கோ அந்தத் துணியைத்தான் சொல்லும். நான் அப்படித்தானே படிப்பேன்?... அப்ப இந்தக் கோட்டு..."

சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்காமல் அவள் பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"...திரும்பச் சொல்லு... இல்ல, கேட்டுச்சு. ஆனா திரும்பச் சொல்லு."

நல்ல ராஜாவின் ஆவி வேஷம்தான் அவனுக்கு வரவே இல்லையாம். பேசுகிற வசனமெல்லாம் பொய்யாகவே இருந்ததாம். உனக்கு எந்த மனுஷன் இல்லாமல் போனால் வலிக்கும், அவரை நினைத்துக்கொள் என்றாராம் பேராசிரியர். அவனும் நினைத்துப் பார்த்தானாம். பிறகு அவரை ஹாஸ்டலுக்கு வரச்சொல்லி, ஆவிக்குப் போட அந்தக் கோட்டைக் கேட்டானாம். எதற்கு என்று அவரிடம் வாயால் சொல்லக் கூச்சமாக இருந்ததாம். முன் வரிசையில் நடுவில் உட்கார்ந்தால் அவரே பார்த்துப் புரிந்துகொள்வார் என்று விட்டுவிட்டானாம். இதெல்லாம் அவன் தயங்கித் தயங்கி, பாதியை விழுங்கிச் சொன்னது. அம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"...ஐயோ... நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்டா... திட்டாதே. அவரை வர வேண்டாம்னு சொல்லிட்டேன்... இப்பதான், கோட்டைப் பாத்த கையோட. ஒரு குடும்பத்துல ஒருத்தருக்குத்தான் இடம்னு புளுகிட்டேன்... என்ன சொல்வார்? 'சரி, நீ நல்லா முன்னால உக்காந்து பாத்துட்டு வந்து சொல்லு'ன்னார். அவ்வளவுதான். சட்டையைக் கூட... கத்தாதே, கத்தாதே! சொல்லிடறேன். உன் போனை வெச்சதும் முதல் வேலை அதான். பொய் சொன்னேன்னே சொல்லிடறேன், போதுமா?"

மனசு இவ்வளவு லேசாகி ரொம்ப நாளாகியிருந்தது. அவள் எழுந்து கோட்டின் காலரைப் பிரஷ்ஷால் துடைக்க ஆரம்பித்தாள். பவுடர் பறந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஒரு ஆளுக்கு ஒரு மூட்டை என்றால், அந்தச் சீட்டுக்கு உரிய துணி அதே மூட்டையில் கோட்டுக்கு அடியில் இருந்தாக வேண்டும்.

"...அப்ப சித்தப்பனுக்கு என்ன போடற?... ஏன் இழுக்கற?... அடியில இருக்கறதா? காகிதத்துல சுத்தினதா? அதை நான் இன்னும் பிரிக்கல... ஏன் பிரிக்க வேண்டாம்? பிரிச்சாத்தானே துவைக்க முடியும்? நீ சும்மா இரு."

காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்தாள். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு முழுக்கைச் சட்டை. நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புப் பாகு காய்ந்து, அதில் இரண்டு எறும்பு. பீரோவின் அடித்தட்டில் அவள் பத்திரமாக மூடி வைத்திருந்த சட்டை. செத்துப்போனவரின் சட்டை.

"இது... இது உங்கப்பாவோடதுடா."

"...தெரிஞ்சுதான் எடுத்தியா? எடுத்துட்டு... கொலைகாரனுக்கா? பெத்தவர் சட்டையைக் கொலைகாரனுக்குப் போட்டுவிட்டு, நல்லவனுக்கு... உனக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா? செத்துப்போன மனுஷனைப் போய்... உன்னைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவரை..."

"...என்ன கை?... எந்தக் கை?"

அவளுடைய இடது மணிக்கட்டு கொஞ்சம் கோணல். குளிர் நாளில் வலிக்கும். இஸ்திரிப் பெட்டியை அந்தக் கையால் அவள் தூக்குவதில்லை. இப்போது அந்தக் கை சட்டையின் மேல் இருந்தது. சட்டென்று அதை இழுத்துக்கொண்டாள்.

"படிக்கட்டுல வழுக்கி விழுந்தேன். உனக்கே தெரியுமே. மழை பெஞ்சிருந்துச்சு, காலை வெச்சேன், வழுக்கிடுச்சு. ஆஸ்பத்திரியிலயும் அதான் சொன்னேன்... கட்டிலுக்கு அடியிலயா? நீயா? நீ தூங்கிட்டிருந்தடா. ஏதாவது கனவு கண்டிருப்ப. சின்னப் பிள்ளைங்க என்னென்னவோ... இல்ல. இல்லவே இல்ல. அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கல."

மறுமுனையில் தூரத்தில் யாரோ ஒரு பெண் எல்லாரையும் விரட்டுகிற சத்தம்.

"ஹலோ... இருக்கியா?... யாரு அது?... போனெல்லாம் பெட்டியில போடணுமா? நாடகம் முடியற வரைக்குமா?... சரி, குடுத்துடு. நான் துணியை எடுத்துட்டு வரேன். அவரையும் கூட்டிட்டு வரேன். கோட்டு முடிஞ்சுது... ம்... ம்... சட்டையா?"

சட்டை இஸ்திரிப் பலகையில் கிடந்தது. பெட்டி பக்கத்தில் சூடாகித் தயாராக இருந்தது. அவள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். குரல் மட்டும் வந்தது, முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"வெச்சுடாதே... ஒரு நிமிஷம், அந்தப் பொண்ணை இருக்கச் சொல்லு... படிக்கட்டு இல்லடா."

"...ஆமா."

"...ஆமா. இந்தச் சட்டைதான். காலர்ல ஒரு சுருக்கம். நான் சரியா இஸ்திரி போடலைன்னு... அதுக்குத்தான் கையைப் பிடிச்சு முறுக்கினார். ஒரு தடவை இல்ல. கை உடைஞ்சது மட்டும்தான் ஒரு தடவை... உனக்கு ஒரு நல்ல அப்பா இருக்கட்டும்னுதான் சொல்லல. உனக்குத் தெரியாதுன்னே நினைச்சுட்டேன். கட்டிலுக்கு அடியில இருந்தியே... என் கண்ணே... இத்தனை வருஷமும் நான் சொல்றதுக்கெல்லாம் சும்மா தலையாட்டிட்டு இருந்தியா?... அழாதே... அழாதேடா, பூசினதெல்லாம் கரைஞ்சிடும்... நான் அழல. நான் எங்க அழறேன்?"

அழுதுகொண்டுதான் இருந்தாள். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, நல்ல கையை நீட்டி இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

"கேட்டுக்க. போனைப் பெட்டியில போடணும்ல, சீக்கிரம் சொல்லிடறேன். பாகை மட்டும் கழுவி விட்டுடறேன், எறும்பு கடிக்கும். ஆனா இந்தச் சட்டைக்கு இனிமே நான் இஸ்திரி போட மாட்டேன்... ஆமா, மாட்டேன். ராஜாவாவது கூஜாவாவது. கசங்கியே இருக்கட்டும். கசங்கினதையே போட்டுக்கிட்டு, ஊரே பாக்க, குத்து வாங்கிச் சாவு. நான் முன் வரிசையில உக்காந்து கை தட்டறேன்... கேட்டுச்சா?... ஹலோ?"